தொண்டு நிறுவனங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: பயன்படுத்தவும் செம்மைப்படுத்தவும் ஒரு வழிகாட்டி

தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது, எத்தனை முதியோருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை பெண்கள் தொழிற்பயிற்சி பெற்றார்கள் என்ற எண்ணிக்கைகள் தவறாமல் இடம்பெற்றிருக்கும். இவை நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுபவை; பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த வட்டாரத்தில் மொத்தம் எத்தனை பேருக்கு அந்த உதவி தேவைப்பட்டது என்று கேட்டால் அந்தப் பதிவேடு விடை தராது. அந்த எண் அரசு நடத்தும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தோ, அதை அடித்தளமாகக் கொண்ட கணிப்பிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 500 பேர் என்று கணக்கெடுப்பு சொல்கிறது. உங்கள் பணியாளர்கள் 460 குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். 92 விழுக்காடு என்று அறிக்கை எழுதிவிட்டு அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடுவீர்கள். அங்கே உண்மையில் 620 குழந்தைகள் இருந்தால், நீங்கள் எட்டியது 74 விழுக்காடு மட்டுமே. 160 குழந்தைகள் விடுபட்டிருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பிழைகளும் ஒரே இடத்தில் விழுகின்றன என்பது. கணக்கெடுப்பாளரின் கண்ணில் படாத சந்தும், பூட்டிய வீட்டின் பின்புற அறையும், பணியிடத்தில் போட்ட தற்காலிகக் கொட்டகையும் பெரும்பாலும் தடுப்பூசிப் பணியாளரின் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே எண் குறையும்போது அறிக்கை அழகாகிறது, தேவை மறைகிறது. விழுக்காடு நூறைத் தாண்டுவதும் உண்டு: கணக்கெடுப்புக்குப் பின் பல குடும்பங்கள் புதிதாகக் குடிவந்து, சுற்றுவட்டாரத்துக் குழந்தைகளையும் முகாமுக்கு அழைத்து வந்தால், எட்டிய விழுக்காடு 115 என்றுகூட வரும். நூறைத் தாண்டிய விழுக்காட்டைக் கண்டவுடன் உங்கள் பதிவேட்டைச் சந்தேகிக்க வேண்டாம். எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

முதல் வேலை: எந்தெந்த எண்ணில் சாய்ந்து நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பது

கடைசியாக அனுப்பிய நிதி விண்ணப்பம் ஒன்றை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு விழுக்காட்டையும் ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வகுத்த எண் எந்த ஆண்டுக்குரியது, யார் எண்ணியது, எந்த எல்லைக்குள் எண்ணியது என்ற மூன்றையும் எழுதுங்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் விடை தெரியாமல் நிற்பீர்கள். பழைய விண்ணப்பத்திலிருந்து நகலெடுத்த எண் புதிய விண்ணப்பத்துக்குள் ஆண்டு மறைந்து வந்து உட்கார்ந்திருக்கும். இந்தப் பயிற்சியைச் செய்யாமல் மேலே படிப்பதில் பயன் குறைவு என்பதே என் கருத்து.

கணக்கெடுப்பை நேரடியாக மேற்கோள் காட்டாத எண்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. வீடுவீடாகச் சென்று நடத்தும் மாதிரி ஆய்வுகள் எந்தத் தெருக்களில் எத்தனை வீடுகளைத் தேர்வது என்பதைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்தே முடிவு செய்கின்றன. கிடைத்த விடைகளை மொத்த மக்களுக்குப் பெருக்கிச் சொல்வதும் அதே எண்களைக் கொண்டுதான். எனவே ‘நாங்கள் கணக்கெடுப்பைப் பயன்படுத்துவதில்லை, ஆய்வறிக்கைகளைத்தான் பயன்படுத்துகிறோம்’ என்று சொல்லும் நிறுவனமும் அதன் பிழைகளைத் தோளில் சுமந்துகொண்டுதான் நடக்கிறது.

பணமும் இந்த எண்ணின் வழியேதான் ஓடுகிறது. அமெரிக்காவில் 2021 நிதியாண்டில் மட்டும், கணக்கெடுப்பு அலுவலகத்தின் தரவுகளை முழுமையாகவோ ஓரளவோ பயன்படுத்திப் பங்கிடப்பட்ட கூட்டரசு நிதி 2.8 லட்சம் கோடி டாலருக்கு மேல். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 விழுக்காடு வரையும் நகர மக்களில் 50 விழுக்காடு வரையும் மானிய தானியத்துக்கு உரியவர்கள் என்கிறது; அந்த விழுக்காட்டை ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றியது 2011 கணக்கெடுப்பு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், மக்கள்தொகை வளர்ந்த பிறகும் வரம்பு பழைய எண்ணிலேயே நின்றது. அரசுத் திட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் பிறகு எங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்பது தொண்டு நிறுவனங்களுக்குத் தெரியும். கணக்கெடுப்பில் ஏற்படும் குறை, சில ஆண்டுகள் கழித்து உங்கள் வாசலில் கூடுதல் தேவையாக வந்து நிற்கிறது. அதைச் சமாளிக்கும் நிதியோ அதே குறைந்த எண்ணை வைத்து ஒதுக்கப்பட்டிருக்கும்.

யார் விடுபடுகிறார்கள்

மொத்த எண் சரியாக இருப்பதால் உள்ளே உள்ள எண்களும் சரி என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பு இதற்கு நல்ல சான்று. பின்னர் சில இடங்களில் மட்டும் மீண்டும் தனியே எண்ணி ஒப்பிட்ட சரிபார்ப்பு ஆய்வில், நாடு முழுவதற்குமான நிகரப் பிழை 0.24 விழுக்காடு மட்டுமே என்றும் அது புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும் தெரிந்தது. பிரித்துப் பார்த்தபோது கதை வேறு: ஹிஸ்பானிய மக்கள் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) 4.99 விழுக்காடும், கறுப்பின மக்கள் 3.30 விழுக்காடும், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பூர்வகுடிகள் 5.64 விழுக்காடும் குறைவாக எண்ணப்பட்டிருந்தார்கள். ஹிஸ்பானியரல்லாத வெள்ளையர்கள் 1.64 விழுக்காடு கூடுதலாக எண்ணப்பட்டிருந்தார்கள். இரண்டு வீடு வைத்திருப்பவர் இரண்டு முறை பதிவாகிறார், வீடே இல்லாதவர் ஒரு முறைகூடப் பதிவாகவில்லை. கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 23 பேர் விடுபட்டதாகச் சரிபார்ப்பு ஆய்வு மதிப்பிட்டது. தென்னாப்பிரிக்காவின் 2022 கணக்கெடுப்பில் விடுபட்டவர்களின் பங்கு ஏறத்தாழ 31 விழுக்காடு; வெளியிடப்பட்ட எண் அந்த இடைவெளியை மதிப்பீட்டால் ஈடுசெய்த பின் வந்தது. இலங்கையில் 2001 கணக்கெடுப்பு 25 மாவட்டங்களில் 18-இல் மட்டுமே முழுமையாக நடந்தது. லெபனானில் கடைசிக் கணக்கெடுப்பு 1932-இலும் காங்கோ ஜனநாயகக் குடியரசில் 1984-இலும் நடந்தன. நீங்கள் பணிபுரியும் நாட்டின் நிலை இவற்றில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதைச் சரிபார்ப்பு ஆய்வின் அறிக்கையைத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகள் அதைக் கணக்கெடுப்பு முடிந்து சில ஆண்டுகளில் வெளியிடுகின்றன. செய்தித்தாள்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

சிறு குழந்தைகள் விடுபடுவது பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் அதே 2020 சரிபார்ப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 2.79 விழுக்காட்டினர் குறைவாக எண்ணப்பட்டிருந்தார்கள். காரணம் கதவருகிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பாளர் ‘இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கிறார். பதில் சொல்பவர் தன்னையும் மனைவியையும் தாயையும் விரல்விட்டு எண்ணுகிறார். மூன்று மாதக் கைக்குழந்தை ஆள் கணக்கில் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மகள் வேலைக்காக வெளியூர் போய் அவளுடைய குழந்தை இவர்களிடம் வளர்ந்தால், அது ‘மகள் வீட்டுக் குழந்தை’. மகளோ வெளியூரில் ‘குழந்தை அம்மாவிடம் இருக்கிறது’ என்று சொல்லியிருப்பாள். இரு வீட்டுப் படிவத்திலும் குழந்தை இல்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதே இதைத் திருத்துவதைக் கடினமாக்குகிறது.

அட்டவணையைப் படிக்கும்போது

எந்த நாளின் நிலவரம் என்பதை முதலில் பாருங்கள். ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு குறிப்பு நேரம் உண்டு. இந்தியாவின் அடுத்த கணக்கெடுப்புக்கு, பனி சூழும் பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அடுத்து, ஆட்களை இருந்த இடத்தில் எண்ணினார்களா, வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணினார்களா என்று பாருங்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர்களிடையே பணிபுரியும் நிறுவனத்துக்கு இந்த ஒரு வேறுபாடே முழுக் கணக்கையும் புரட்டிப்போடும்: வழக்கமான வசிப்பிடத்தில் எண்ணினால், நீங்கள் அன்றாடம் பார்க்கும் தொழிலாளர்கள் வேறு மாவட்டத்து அட்டவணையில் இருப்பார்கள்.

கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பது இன்னும் முக்கியம். இந்தியாவில் 2011-இல் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. உலக அளவில் இது 16 விழுக்காடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி உடலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ‘உங்களுக்கு ஊனம் உண்டா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். ஐநா புள்ளியியல் ஆணையத்தின் கீழ் செயல்படும் வாஷிங்டன் குழு வகுத்த ஆறு கேள்விகள் வேறு வழியில் போகின்றன: பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைத்துக்கொள்வதில், தன்னைத் தானே கவனித்துக்கொள்வதில், பிறருடன் பேசுவதில் எவ்வளவு சிரமம் இருக்கிறது என்று அவை கேட்கின்றன. உங்கள் நாட்டுக் கணக்கெடுப்பு எதைக் கேட்டது என்று பார்க்காமல் அந்த எண்ணை எடுத்து விண்ணப்பத்தில் வைத்தால், உங்கள் தேவையை நீங்களே குறைத்துக் காட்டியவர்கள் ஆவீர்கள்.

முதியோருக்காகப் பணிபுரிகிறவர்கள் வயது அட்டவணையில் ஒரு சிறு சோதனை செய்ய வேண்டும். 59, 60, 61 என்ற மூன்று வயதுகளுக்குரிய எண்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பிறந்த நாள் ஆவணம் இல்லாதவர்கள் மிகுந்த இடத்தில் 60-க்கு நேரே உள்ள எண் இரண்டு பக்கத்து எண்களையும் விடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். மக்கள் வயதை ஐந்திலோ பூச்சியத்திலோ முடியும் எண்ணாகச் சொல்லும் பழக்கமே காரணம். 58, 59 வயதுக்காரர்கள் பலர் அறுபதில் வந்து சேர்ந்திருப்பதால், ‘60-க்கு மேற்பட்டோர்’ என்ற உங்கள் இலக்கு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

மிகச் சிறிய எல்லைகளுக்குரிய எண்களை ஒற்றையாக நம்பாமல் பலவற்றைக் கூட்டிப் பயன்படுத்துங்கள். அமெரிக்கா 2020-இல் தனிநபர் அடையாளம் வெளிப்படாமல் இருக்கச் சிற்றெல்லை எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்களைச் சேர்த்தது.

கணக்கெடுப்பு வருவதற்கு முன்னும் வரும்போதும்

ஒரு தொண்டு நிறுவனம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் கணக்கெடுப்பாளர்கள் தெருவில் இறங்கும் முன்பே, வீட்டுப் பட்டியல் தயாராகும் கட்டத்தில் செய்யப்படுவது. பட்டியலில் வீடு இல்லாவிட்டால் பிறகு எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினாலும் அந்த வீட்டுக்காரர்கள் எண்ணப்பட மாட்டார்கள். ஆகவே உங்கள் களப்பணியாளர்களிடம் இருக்கும் அறிவைத் திரட்டுங்கள்: ஒரே கதவு எண்ணுக்குள் நான்கு குடும்பங்கள் வாழும் கட்டடங்கள், மாடிப்படிக்கு அடியில் உள்ள அறைகள், பருவத்துக்கு மட்டும் முளைக்கும் குடியிருப்புகள், இரவில் ஆட்கள் உறங்கும் பட்டறைகள். இவற்றின் இருப்பிடத்தை மட்டும், ஆட்களின் பெயரில்லாமல், உள்ளூர்க் கணக்கெடுப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். வீடற்றவர்கள் எங்கெங்கே உறங்குகிறார்கள், எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்பதையும் சேருங்கள். இந்தியாவில் 2011-இல் வீடற்றோரை எண்ணுவதற்கு பிப்ரவரி 28 இரவு ஒதுக்கப்பட்டது. ஒரே இரவில் முடிக்க வேண்டிய அத்தகைய வேலையில், இடம் தெரிந்தவர் கூட வராவிட்டால் எண் பாதியாகிவிடும்.

அடுத்தது நம்பிக்கை. மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கக்கூடும். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. பல நாடுகளில் தனிநபர் விடைகளை வெளியிடத் தடை உண்டு: இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், கணக்கெடுப்புப் பதிவேடுகளைப் பிறர் பார்வையிடவும் சான்றாகப் பயன்படுத்தவும் இடம் தருவதில்லை. ஆனாலும் 1942-இல் அமெரிக்கா போர்க்காலச் சட்டம் ஒன்றின் மூலம் இத்தகைய காப்பைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்கும் நடவடிக்கைக்குக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் தரவுகள் உதவின. ஆகவே ‘எந்த ஆபத்தும் இல்லை’ என்று உங்கள் நிறுவனத்தின் பெயரில் உறுதி கொடுக்காதீர்கள். சட்டம் என்ன சொல்கிறது, எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாது, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லும் உரிமை உண்டா என்பவற்றைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, ஒரு பக்கத் தாளில் அந்த மக்களின் மொழியில் எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் முடிவு அவர்களுடையது.

இங்கே சில எல்லைகளை மீறவே கூடாது. யாருடைய படிவத்தையும் உங்கள் பணியாளர் தனியே உட்கார்ந்து நிரப்பக் கூடாது. நிரப்பிய படிவத்தின் நகலை நிறுவனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. கணக்கெடுப்பில் பங்கேற்றால்தான் உதவி என்று மறைமுகமாகக்கூடச் சொல்லக் கூடாது. மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லலாம், ஆனால் விடையை அவரே சொல்ல வேண்டும். இணையவழியில் தாங்களே பதிவு செய்யும் வசதி இருக்கும் இடங்களில், உங்கள் அலுவலகக் கணினியைத் திறந்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் நகர்ந்துகொள்ளுங்கள். கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை, தாய்மார் கூட்டங்களில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது போதும்: அன்று உங்கள் வீட்டில் உறங்கும், வேறு வீட்டில் எண்ணப்படாத குழந்தையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பழைய எண்ணோடு காலம் தள்ளுவது

கணக்கெடுப்பு பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒரு முறை. தள்ளிப்போனால் இன்னும் நீளும். இடைப்பட்ட காலத்தில் அரசின் மக்கள்தொகைக் கணிப்புகளைப் பயன்படுத்தலாம். அவை பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றை வைத்து முன்நோக்கிச் செல்பவை. மாநில அளவில் ஓரளவு நம்பத்தக்க இந்தக் கணிப்புகள் தெரு அளவுக்கு வரும்போது வலுவிழக்கின்றன, ஏனெனில் உள்ளூர் இடப்பெயர்வைப் பல நாடுகளில் எவரும் முறையாகப் பதிவு செய்வதில்லை. செயற்கைக்கோள் படங்களில் தெரியும் கட்டடங்களை வைத்துச் சிறு கட்டங்களுக்கு மக்கள்தொகையை மதிப்பிடும் முறையும் வளர்ந்திருக்கிறது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்டுபாப் குழு இத்தகைய வரைபடங்களைக் கட்டணமின்றித் தருகிறது. ஒரே கூரைக்கடியில் ஐந்து குடும்பங்கள் வாழும் இடத்தில் இந்த முறையும் தடுமாறும்.

ஆகவே சிறிய அளவில் நீங்களே எண்ணிப் பார்ப்பது நல்லது. முழு வட்டாரத்தையும் எண்ண முயல வேண்டாம். அதற்கு ஆளும் பணமும் போதாது, அரைகுறையாக முடிந்த முழு எண்ணிக்கை எதற்கும் உதவாது. வட்டாரத்தைக் கணக்கெடுப்புத் தொகுதிகளாகவோ தெருத் தொகுப்புகளாகவோ பிரித்து, சீட்டுக் குலுக்கிச் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள். ‘அங்கேதான் நிறையப் பேர் விடுபட்டிருப்பார்கள்’ என்று தோன்றும் இடங்களை மட்டும் தேர்ந்தால், கிடைக்கும் எண் உங்கள் எதிர்பார்ப்பின் நிழலாகத்தான் இருக்கும். தேர்ந்த இடங்களில் ஒவ்வொரு கதவையும் தட்டி, வயது, பாலினம், எவ்வளவு காலமாக வசிக்கிறார்கள் என்பவற்றை மட்டும் பெயரில்லாமல் குறியுங்கள். பகலில் பூட்டியிருந்த வீட்டுக்கு மாலையில் போங்கள். விடுமுறை நாளில் ஒரு முறை கட்டாயம் போங்கள். கிடைத்த எண்ணிக்கைக்கும் அதிகாரபூர்வ எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தைத் தொகுதிதோறும் தனித்தனியே கணக்கிடுங்கள். பழைய குடியிருப்புகளில் விகிதம் ஒன்றுக்கு அருகிலும், வாடகை அறைகள் நிறைந்த தெருக்களில் ஒன்றரையிலும் நின்றால், இரண்டையும் சராசரியாக்கி முழு வட்டாரத்தையும் பெருக்காதீர்கள். அந்தந்த வகைத் தெருவுக்கு அந்தந்த விகிதமே பொருந்தும்.

நிதி விண்ணப்பத்தில் அதிகாரபூர்வ எண்ணை முதலில் ஆண்டோடு எழுதி, அதையடுத்து உங்கள் திருத்திய மதிப்பீட்டை ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்று வீச்சாகக் கொடுத்து, திருத்திய முறையை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். பெரிய எண்ணை மட்டும் எழுதிக் கவர நினைக்கும் நிறுவனங்கள் உண்டு. மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டின்போது தாங்கள் எட்டிய விழுக்காடு ஏன் இவ்வளவு குறைவு என்று அவர்கள்தான் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்கள். புதிய கணக்கெடுப்பு முடிவுகள் வந்ததும் பழைய அறிக்கைகளின் விழுக்காடுகளையும் புதிய எண்ணைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். இல்லாவிட்டால், வகுக்கும் எண் மாறியதால் வந்த சரிவை நிதியாளர்கள் உங்கள் பணியில் ஏற்பட்ட சரிவாகப் படித்துவிடுவார்கள்.